நுண்கட்டுப்படுத்தியில் முனை மாற்றத்தைக் கண்டறிதலும் நேரத்தைத் துல்லியமாக அளத்தலும்

நுண்கட்டுப்படுத்தியின் உள்ளீட்டு முனை ஒன்றில் மின்னழுத்தம் தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கோ, உயர்நிலையிலிருந்து தாழ்நிலைக்கோ மாறுவது முனை மாற்றம் எனப்படும். ஒரு விசை அழுத்தப்படுவது, ஓர் ஒளிக்கற்றை மறைக்கப்படுவது, ஒரு சக்கரத்தின் பல் உணரியைக் கடப்பது ஆகிய வெளியுலக நிகழ்வுகள் எல்லாம் நுண்கட்டுப்படுத்திக்கு முனை மாற்றங்களாகவே வந்து சேருகின்றன. மாற்றம் நிகழ்ந்ததா என்று அறிவது ஒரு பணி. அது எப்போது நிகழ்ந்தது என்று அறிவது அதைவிடக் கடினமான இன்னொரு பணி. இக்கட்டுரை இரண்டாவது பணியைப் பற்றியது.

விளக்கத்துக்கு ஆர்டுயினோ உனோ பலகையும் அதிலுள்ள ஏடிமெகா328பி என்னும் 8 பிட் நுண்கட்டுப்படுத்தியும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் பலகை இது. இங்குக் கூறப்படும் கோட்பாடுகள் பிற நுண்கட்டுப்படுத்திகளுக்கும் பொருந்தும்.

எடுத்துக்காட்டுச் சோதனை

2 செ.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டு ஒன்று 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து ஓர் ஒளிவாயிலைக் கடக்கிறது எனக் கொள்வோம். ஒளிவாயிலின் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடியும் எதிர்ப்பக்கம் ஒளி டிரான்சிஸ்டரும் இருக்கும். ஒளி விழும்போது முனை தாழ்நிலையிலும், குண்டு ஒளியை மறைக்கும்போது உயர்நிலையிலும் இருக்குமாறு சுற்று அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே குண்டு நுழையும்போது ஏறு விளிம்பும், வெளியேறும்போது இறங்கு விளிம்பும் தோன்றும்.

1 மீட்டர் விழுந்த குண்டின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 4.43 மீட்டர். அந்த வேகத்தில் 2 செ.மீ. கடக்க ஆகும் நேரம் 4.518 மில்லிவினாடி, அதாவது 4518 மைக்ரோவினாடி. இந்த நேரத்தை அளந்தால் வேகம் கிடைக்கும். வேகத்தின் வர்க்கத்தை உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் கிடைக்கும். வேகம் வர்க்கமாக வருவதால், நேரத்தில் ஏற்படும் பிழை முடுக்கத்தில் இரு மடங்காகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டு நேரங்கள்

ஒவ்வொரு அளவீட்டிலும் இரண்டு நேரங்கள் உள்ளன. முனையில் மாற்றம் நிகழ்ந்த நேரம் ஒன்று. அந்த மாற்றத்தை நிரல் கவனித்துக் கடிகாரத்தைப் பார்த்த நேரம் மற்றொன்று. இரண்டுக்கும் இடைப்பட்டது தாமதம்.

தாமதம் இருப்பதே பெருங்குறை என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் கால இடைவெளியை அளப்பதில் அது தீங்கு செய்யாது. குண்டு நுழைந்ததை 3 மைக்ரோவினாடி பிந்தியும், வெளியேறியதை அதே 3 மைக்ரோவினாடி பிந்தியும் குறித்தால், இரண்டையும் கழிக்கும்போது தாமதம் நீங்கிவிடும். ஒரு முறை 3, மறுமுறை 9 என்று தாமதம் மாறுவதுதான் அளவீட்டைக் கெடுக்கிறது. இதைத் தாமத நடுக்கம் எனலாம். பின்வரும் முறைகளை ஒப்பிடும்போது சராசரித் தாமதத்தைவிட இந்த நடுக்கத்தையே முதலில் பார்க்க வேண்டும்.

அளவுகோலின் சிறு பிரிவு

உனோ பலகையின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. ஒரு துடிப்பின் காலம் 62.5 நானோவினாடி. ஏடிமெகா328பியின் கட்டளைகளில் பெரும்பாலானவை ஒரு துடிப்பிலோ இரண்டு துடிப்புகளிலோ முடிந்துவிடும். வெளியிலிருந்து வரும் சமிக்ஞையும் கடிகாரத்தோடு ஒத்திசைக்கப்பட்ட பிறகே உள்ளே படிக்கப்படுகிறது. இதற்கு அரை முதல் ஒன்றரைத் துடிப்பு வரை ஆகும். எனவே எவ்வளவு திறமையாக நிரல் எழுதினாலும், நேரடியான எண்ணிக்கை முறையில் ஒரு துடிப்பைவிட நுண்ணிய பிரிவை இந்தச் சில்லில் அடைய இயலாது. அந்த எல்லையை எந்த முறை எவ்வளவு நெருங்குகிறது என்பதே கேள்வி.

முதல் முறை: தொடர்ந்து பார்த்தல்

நிரல் ஒரு சுழற்சியில் முனையை மீண்டும் மீண்டும் படித்து, நிலை மாறியதும் நேரத்தைக் குறித்துக்கொள்வது மிக எளிய முறை. ஆர்டுயினோவின் டிஜிட்டல்ரீட் என்னும் செயல்கூறு முனையின் எண்ணைப் பார்த்து, உரிய துறையைத் தேடி, அதன் பிறகே படிப்பதால் ஒவ்வொரு முறையும் சில மைக்ரோவினாடிகளை எடுத்துக்கொள்கிறது. துறைப் பதிவகத்தை நேரடியாகப் படித்தால் ஒரே துடிப்பு போதும். நேரடிக் கட்டளைகளில் எழுதப்பட்ட காத்திருப்புச் சுழற்சி மூன்று துடிப்புகளில், அதாவது 187.5 நானோவினாடியில், ஒரு சுற்றை முடித்துவிடும்.

சுழற்சியில் வேறு வேலைகளும் சேரும்போது சிக்கல் தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு 10 மைக்ரோவினாடி ஆகிறது என்றால், விளிம்பு அந்த 10க்குள் எங்கும் விழலாம். நுழைவிலும் வெளியேற்றத்திலும் இந்த ஐயம் இருப்பதால் இடைவெளியில் 10 மைக்ரோவினாடி வரை கூடவோ குறையவோ வாய்ப்பு உண்டு. 4518 மைக்ரோவினாடியில் இது 0.22 சதவீதம். முடுக்கத்தில் 0.44 சதவீதம்.

கணினித் திரைக்கு எழுத்துகளை அனுப்பும் கட்டளை சுழற்சிக்குள் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். 9600 என்னும் வேகத்தில் ஓர் எழுத்தை அனுப்ப 1.04 மில்லிவினாடி ஆகும். அனுப்புவதற்கான இடைச்சேமிப்பு நிரம்பிவிட்டால் நிரல் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும். ஐந்து எழுத்துகளுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குள் நம் குண்டு ஒளிவாயிலுக்குள் நுழைந்து வெளியேறியும் விடும். நிரல் அதைக் கண்டிருக்கவே வாய்ப்பில்லை.

வேறு எந்த வேலையும் இல்லாத தூய காத்திருப்புச் சுழற்சிக்கும் இடையூறு உண்டு. ஆர்டுயினோவின் கால எண்ணிக்கைக்காக டைமர்0 ஒவ்வொரு 1.024 மில்லிவினாடிக்கும் ஒருமுறை நிரலை இடைமறிக்கிறது. குண்டு கடக்கும் காலத்தில் இது நான்கு முறையாவது நிகழும். சுற்றுகளை எண்ணி நேரத்தைக் கணக்கிடும் நிரல் அந்த இடைமறிப்புகளின் காலத்தைத் தவறவிட்டுவிடும்.

இரண்டாம் முறை: குறுக்கீடு

முனையில் மாற்றம் நிகழ்ந்ததும் செயலி தான் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் குறிப்பிட்ட செயல்கூறு ஒன்றுக்குத் தாவுவதைக் குறுக்கீடு என்பர். இன்டரப்ட் என்ற சொல்லும் வழக்கில் உள்ளது. ஏடிமெகா328பியில் முனைகளுக்கான குறுக்கீடுகள் இரு வகைப்படும்.

வெளிக் குறுக்கீடு: உனோ பலகையின் 2, 3 ஆகிய இரு முனைகளுக்கு மட்டுமே உரியது. ஏறு விளிம்பு, இறங்கு விளிம்பு, எந்த மாற்றமும், தாழ்நிலை ஆகிய நான்கில் எதற்கு வினையாற்ற வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு முனைக்கும் தனிச் செயல்கூறு உண்டு.

முனைமாற்றக் குறுக்கீடு: ஏறத்தாழ எல்லா முனைகளுக்கும் கிடைக்கும். ஆனால் முனைகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. உனோவில் 0 முதல் 7 வரை ஒரு குழு, 8 முதல் 13 வரை ஒரு குழு, ஏ0 முதல் ஏ5 வரை ஒரு குழு. ஒரு குழுவுக்கு ஒரே செயல்கூறுதான். எந்த முனை மாறியது, ஏறியதா இறங்கியதா என்பதை வன்பொருள் சொல்லாது. முந்தைய நிலையைச் சேமித்து வைத்து, இப்போதைய நிலையோடு ஒப்பிட்டு நிரல்தான் கண்டறிய வேண்டும். முனை மாறி, நிரல் படிப்பதற்குள் பழைய நிலைக்கே திரும்பிவிட்டால், குறுக்கீடு வந்திருக்கும், ஆனால் ஒப்பீட்டில் மாற்றம் எதுவும் தெரியாது. மிகக் குறுகிய துடிப்புகள் இவ்வாறு தொலைந்துபோகின்றன.

இரு வகையிலும் ஒரு குறுக்கீட்டுக்கு ஒரே கொடிதான் உள்ளது. செயலி கவனிப்பதற்கு முன் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தால் அவை ஒன்றாகவே பதிவாகும்.

குறுக்கீட்டின் தாமதக் கணக்கு

விளிம்பு வந்ததும் செயலி உடனே தாவுவதில்லை. முதலில் நடந்துகொண்டிருக்கும் கட்டளை முடிய வேண்டும். அதன்பின் குறைந்தது 4 துடிப்புகளில் திரும்பி வரவேண்டிய முகவரி அடுக்கில் வைக்கப்படும். பிறகு செயல்கூற்றுக்குத் தாவ 3 துடிப்புகள் ஆகும். இதுவரை 7 துடிப்புகள், 437.5 நானோவினாடி. அடுத்து, செயல்கூறு பயன்படுத்தப்போகும் பதிவகங்களின் பழைய மதிப்புகளை நிரல்பெயர்ப்பி சேமிக்கிறது. ஒரு பதிவகத்துக்கு 2 துடிப்புகள். 15 பதிவகங்களைச் சேமித்தால் 30 துடிப்புகள், 1.875 மைக்ரோவினாடி. ஆர்டுயினோவின் அட்டாச்இன்டரப்ட் வழியாகச் சென்றால் இச்சேமிப்பு முடிந்த பிறகே நாம் எழுதிய முதல் வரி இயங்கும்.

மேலே கூறிய தாமதம் பெரும்பாலும் மாறாதது. ஆகவே கழித்தலில் நீங்கிவிடும். நீங்காதவை பின்வருவன:

முதலாவது, வேறொரு குறுக்கீடு அப்போது நடந்துகொண்டிருப்பது. ஒரு குறுக்கீட்டுச் செயல்கூறு இயங்கும்போது பிற குறுக்கீடுகள் தாமாகவே தடுக்கப்படுகின்றன. டைமர்0இன் செயல்கூறு இயங்கும் வேளையில் விளிம்பு வந்தால் அது முடியும்வரை சில மைக்ரோவினாடிகள் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நிரலின் ஏதோ ஒரு பகுதி குறுக்கீடுகளை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருப்பது. டபிள்யூஎஸ்2812 வகை வண்ண எல்இடி பட்டைகளுக்குத் தரவு அனுப்பும் நிரலகங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோவினாடி வீதம் ஒரு எல்இடிக்கு 24 பிட், 30 மைக்ரோவினாடி. உனோ போன்ற பலகைகளில் பட்டை முழுவதற்கும் அனுப்பி முடியும்வரை குறுக்கீடுகள் நிறுத்தப்படுகின்றன. 60 எல்இடிகளுக்கு இது 1800 மைக்ரோவினாடி.

மூன்றாவது, கடிகாரத்தைப் படிக்கும் செயல்கூற்றின் நுண்மை. உனோவில் மைக்ரோஸ் என்னும் செயல்கூறு 4 மைக்ரோவினாடிப் படிகளில்தான் ஏறுகிறது. 4518ஐ அது 4516 அல்லது 4520 என்றே காட்டும். பெயரில் மைக்ரோ இருப்பதால் ஒரு மைக்ரோவினாடி நுண்மை கிடைக்கும் என்று கருதக்கூடாது.

மூன்றாம் முறை: உள்ளீட்டுப் பிடிப்பு

பள்ளி விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டத்தை நிறுத்துக்கடிகாரத்தால் அளப்பவர், ஓடுபவர் கோட்டைத் தொட்டதைக் கண்ணால் கண்டு, பிறகு விரலால் அழுத்துகிறார். கோட்டிலேயே ஒரு நிழற்படக் கருவியை வைத்து, படத்திலேயே நேரம் பதியுமாறு செய்துவிட்டால் அந்தப் படத்தை எப்போது எடுத்துப் பார்த்தாலும் நேரம் மாறாது. உள்ளீட்டுப் பிடிப்பு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

ஏடிமெகா328பியின் டைமர்1 என்பது 16 பிட் எண்ணி. அதனுடன் ஐசிஆர்1 என்னும் பிடிப்புப் பதிவகமும், ஐசிபி1 என்னும் முனையும் இணைந்துள்ளன. உனோ பலகையில் இது 8ஆம் முனை. தேர்ந்தெடுத்த விளிம்பு இம்முனையில் வந்த கணமே, எண்ணியின் அப்போதைய மதிப்பை வன்பொருளே ஐசிஆர்1இல் படியெடுத்து வைத்துவிடும். நிரல் அதில் பங்கேற்பதில்லை. அதன்பின் குறுக்கீடு எழும். செயல்கூறு 1 மைக்ரோவினாடி கழித்து வந்தாலும், 1800 மைக்ரோவினாடி கழித்து வந்தாலும், பதிவகத்தில் இருப்பது விளிம்பு வந்த நேரமே. தாமத நடுக்கம் ஒரு எண்ணிக்கைக்குள் அடங்கிவிடுகிறது.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. பதிவகம் ஒன்றே ஒன்றுதான். அடுத்த விளிம்பு வருவதற்குள் நிரல் அதைப் படித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதிய மதிப்பு பழையதை அழித்துவிடும். நம் சோதனையில் இரு விளிம்புகளுக்கும் இடையே 4518 மைக்ரோவினாடி இருப்பதால், எல்இடி பட்டை 1800 மைக்ரோவினாடி தடுத்தாலும் அளவீடு கெடாது.

அமைக்கும் முறை

ஆர்டுயினோ மென்பொருள், அனலாக்ரைட் பயன்பாட்டுக்காக டைமர்1ஐத் தொடக்கத்திலேயே 8 பிட் துடிப்பகலப் பாங்கில் அமைத்துவிடுகிறது. அப்படியே விட்டால் எண்ணி 0க்கும் 255க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். எனவே முதல் வேலை டைமர்1இன் இரு கட்டுப்பாட்டுப் பதிவகங்களையும் சுழியாக்குவது. அடுத்த படிகள்:

1. எண்ணியை இயல்புப் பாங்கில் வைத்து, கடிகாரத்தை 8ஆல் வகுக்குமாறு அமைத்தல். ஒரு எண்ணிக்கை 0.5 மைக்ரோவினாடியாகும்.
2. ஏறு விளிம்பைத் தேர்ந்தெடுத்தல்.
3. பிடிப்புக் கொடியை நீக்குதல். இக்கொடியில் 1 எழுதினால்தான் அது நீங்கும்.
4. பிடிப்புக் குறுக்கீட்டையும் வழிதல் குறுக்கீட்டையும் இயக்குதல்.

குறுக்கீட்டுச் செயல்கூற்றில் முதல் வேலை ஐசிஆர்1ஐப் படிப்பது. பிறகு இறங்கு விளிம்புக்கு மாற்றி, கொடியை மீண்டும் நீக்க வேண்டும். விளிம்புத் தேர்வை மாற்றும்போதே கொடி தவறாக எழக்கூடும் என்பதால் இந்த வரிசை முக்கியம். கணக்குகளையும் திரையில் எழுதுவதையும் செயல்கூற்றுக்குள் செய்யாமல் முதன்மை நிரலுக்கு விட்டுவிட வேண்டும்.

இரு நிரல்பகுதிகளும் பகிர்ந்துகொள்ளும் மாறிகளை வாலடைல் என்று அறிவிக்க வேண்டும். 32 பிட் மாறியை இந்த 8 பிட் செயலி நான்கு தவணைகளாகப் படிக்கிறது. நடுவில் குறுக்கீடு வந்தால் பாதி பழையதும் பாதி புதியதுமான எண் கிடைக்கும். ஆகவே முதன்மை நிரல் அதைப் படிக்கும் சிறு பொழுதுக்கு மட்டும் குறுக்கீடுகளை நிறுத்தி, உடனே இயக்க வேண்டும்.

டைமர்1ஐ சர்வோ நிரலகமும் பயன்படுத்துகிறது. 9, 10 ஆகிய முனைகளின் துடிப்பகல வெளியீடும் அதைச் சார்ந்ததே. பிடிப்புக்கு அதை ஒதுக்கினால் இவற்றை அதே நிரலில் பயன்படுத்த இயலாது.

எண்ணி வழிதல்

16 பிட் எண்ணி 65,535 வரை எண்ணி மீண்டும் 0க்கு வரும். நுழைவு மதிப்பு 65,000 ஆகவும் வெளியேற்ற மதிப்பு 8,500 ஆகவும் இருந்தாலும், குறியற்ற 16 பிட் கழித்தல் 9,036 என்ற சரியான விடையையே தரும். ஆனால் இடைவெளி ஒரு முழுச்சுற்றைவிடச் சிறியதாக இருக்கும்வரைதான் இது செல்லும்.

நுண்மையைக் கூட்டுவதாக எண்ணி, வகுத்தலே இல்லாமல் 62.5 நானோவினாடியில் எண்ணியை ஓட்டினால் முழுச்சுற்று 4.096 மில்லிவினாடியில் முடிந்துவிடும். நம் குண்டுக்கு 4.518 மில்லிவினாடி தேவை. உண்மையான எண்ணிக்கை 72,288. கழித்தல் தருவது 6,752. இதை நம்பிக் கணக்கிட்டால் ஒரு மீட்டர் விழுந்த குண்டு மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதாக விடை வரும். இவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும் என்பது ஒரு நன்மை.

8ஆல் வகுத்தால் முழுச்சுற்று 32.768 மில்லிவினாடி. நம் சோதனைக்கு இது போதும். இதைவிட நீண்ட இடைவெளிகளுக்கு, வழிதல் குறுக்கீட்டில் சுற்றுகளை எண்ணி மேல் இலக்கங்களாகச் சேர்க்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. வழிதலும் பிடிப்பும் ஏறக்குறைய ஒரே வேளையில் வந்தால், பிடிப்புக் குறுக்கீட்டுக்கே முன்னுரிமை. அப்போது சுற்று எண்ணிக்கை இன்னும் கூட்டப்பட்டிருக்காது. எனவே பிடிப்புச் செயல்கூற்றில் வழிதல் கொடி எழுந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். கொடி எழுந்து, பிடித்த மதிப்பும் 3 போலச் சிறியதாக இருந்தால் வழிதல் முன்பே நிகழ்ந்துவிட்டது, ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மதிப்பு 65,533 போலப் பெரியதாக இருந்தால் பிடிப்புக்குப் பிறகே வழிந்தது, கூட்டக்கூடாது. இந்தச் சோதனை இல்லாத நிரல் நூற்றுக்கணக்கான முறை சரியாக ஓடிவிட்டு, எப்போதாவது ஒருமுறை 32.768 மில்லிவினாடி பிழையோடு விடை தரும்.

கடிகாரம் உண்மை சொல்கிறதா?

இதுவரை பேசியது விளிம்பை எந்த எண்ணிக்கையில் குறிப்பது என்பதை. ஒரு எண்ணிக்கை உண்மையில் எவ்வளவு நேரம் என்பது வேறு கேள்வி. உனோ மூன்றாம் பதிப்புப் பலகையில் ஏடிமெகா328பிக்குத் துடிப்பைத் தருவது பீங்கான் ஒத்ததிர்வி. குவார்ட்ஸ் படிகம் யுஎஸ்பி சில்லுக்கே உள்ளது. பீங்கான் ஒத்ததிர்வியின் அதிர்வெண் 0.5 சதவீதம் வரை விலகியிருக்கலாம். ஒரு நாளில் இது 7 நிமிடத்துக்கு மேல். வெப்பநிலையோடும் சற்று மாறும். 50 பிபிஎம் குவார்ட்ஸ் படிகத்தின் பிழை நாளொன்றுக்கு 4.3 வினாடிதான். ஏடிமெகா328பியின் உள்ளேயே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் அலைவியோ, தொழிற்சாலை அளவுதிருத்தத்தில் 10 சதவீதம் வரை விலகலுக்கு இடமுள்ளது. நேர அளவீட்டுக்கு அது உகந்ததல்ல.

இப்பிழையைக் கண்டறிந்து திருத்துவது எளிது. டிஎஸ்3231 என்னும் நிகழ்நேரக் கடிகாரச் சில்லு 0 முதல் 40 பாகை செல்சியஸ் வரை 2 பிபிஎம் துல்லியம் உடையது. அதன் சதுர அலை முனையை 1 ஹெர்ட்ஸில் அமைத்து, மேலிழு மின்தடையுடன் 8ஆம் முனைக்கு இணைக்க வேண்டும். ஜிபிஎஸ் கருவிகளின் வினாடித் துடிப்பையும் பயன்படுத்தலாம். அடுத்தடுத்த இரு ஏறு விளிம்புகளுக்கு இடையே 20,00,000 எண்ணிக்கைகள் வரவேண்டும். 20,04,000 வந்தால் பலகையின் கடிகாரம் 0.2 சதவீதம் வேகமாக ஓடுகிறது. இனி எண்ணிக்கையை 20,00,000க்குப் பதில் 20,04,000ஆல் வகுத்தால் வினாடி கிடைக்கும். அளவீடு செய்யும் அதே நாளில், அதே அறை வெப்பநிலையில் இதைச் செய்வது நல்லது.

உணரியின் பங்கு

முனைக்கு வருவதற்கு முன்பே சமிக்ஞை தாமதப்படலாம். ஒளி டிரான்சிஸ்டர் கடத்தத் தொடங்கும் வேகமும் நிறுத்தும் வேகமும் ஒன்றல்ல. பளு மின்தடை பெரிதாக இருந்தால் இவ்வேறுபாடு கூடும். நுழைவுத் தாமதமும் வெளியேற்றத் தாமதமும் 20 மைக்ரோவினாடி வேறுபட்டால், நேரத்தில் 0.44 சதவீதப் பிழை. இது கழித்தலில் நீங்காது. எல்இடியை அளவு தெரிந்த துடிப்பால் அணைத்து ஏற்றி, மறுபக்கம் வரும் துடிப்பின் அகலத்தை அளந்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

இயந்திர விசைகளில் தொடுமுனைகள் துள்ளுவதால் ஒரே அழுத்தத்துக்குப் பல விளிம்புகள் எழும். துள்ளல் சில மில்லிவினாடிகள் நீடிக்கலாம். முதல் விளிம்பை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்வரும் சில மில்லிவினாடிகளின் விளிம்புகளைப் புறக்கணிப்பது வழக்கம். மின்னிரைச்சலால் தோன்றும் மிகக் குறுகிய துடிப்புகளைத் தடுக்க, டைமர்1இல் இரைச்சல் நீக்கி உள்ளது. அடுத்தடுத்த நான்கு மாதிரிகள் ஒன்றாக இருந்தால்தான் அது மாற்றத்தை ஏற்கும். இதனால் 4 துடிப்புகள் தாமதமாகும். அது மாறாத தாமதம் என்பதால் கழித்தலில் நீங்கும்.

பிழைகளின் பட்டியல்

குண்டுச் சோதனையில் ஒவ்வொரு காரணமும் முடுக்கத்தில் ஏற்படுத்தும் பிழை ஏறத்தாழ வருமாறு:

- உள்ளீட்டுப் பிடிப்பின் ஒரு எண்ணிக்கை, 0.5 மைக்ரோவினாடி: 0.02 சதவீதம்
- மைக்ரோஸ் செயல்கூற்றின் ஒரு படி, 4 மைக்ரோவினாடி: 0.18 சதவீதம்
- 10 மைக்ரோவினாடிச் சுழற்சி: 0.44 சதவீதம்
- உணரியில் 20 மைக்ரோவினாடி வேறுபாடு: 0.9 சதவீதம்
- திருத்தப்படாத பீங்கான் ஒத்ததிர்வி, 0.5 சதவீத விலகல்: 1 சதவீதம்
- குண்டு ஒளிக்கற்றையை நடுவில் வெட்டாமல் 1 மி.மீ. விலகிச் செல்லுதல்: 1 சதவீதம்

கடைசி வரியைச் சற்று விளக்க வேண்டும். நடுவிலிருந்து 1 மி.மீ. விலகினால் ஒளியை மறைக்கும் நீளம் 20 மி.மீ. அன்று, 19.9 மி.மீ. நேரம் குறைந்து, வேகம் கூடுதலாகத் தோன்றி, முடுக்கம் 1 சதவீதம் மிகும். கடிகாரம் 0.5 சதவீதம் வேகமாக ஓடினால் நேரம் மிகுந்து, முடுக்கம் 1 சதவீதம் குறையும். இரண்டும் ஒரே சோதனையில் சேர்ந்தால் ஒன்றை ஒன்று ஈடுசெய்து, விடை பாடநூலில் உள்ளவாறே வந்து நிற்கும். சரியான விடை வந்ததால் அளவீடு சரி என்று மாணவர் முடிவு செய்துவிடுவார். விடையை அறிந்த சோதனையில் இதனால் கேடு பெரிதில்லை. விடை தெரியாத ஒன்றை அதே கருவியால் அளக்கும்போது கைகொடுக்க எதுவும் இராது.

குண்டைப் பத்து முறை விழச்செய்து விடைகளின் பரவலைப் பார்ப்பது நல்ல பழக்கம். தாமத நடுக்கமும், குண்டு விலகுதலும் பரவலாகத் தெரியும். கடிகாரப் பிழை எல்லா விடைகளையும் ஒரே பக்கம் தள்ளுவதால் பரவலில் தெரியாது. அதை வெளியிலுள்ள வேறொரு கடிகாரத்தோடு ஒப்பிட்டால்தான் காண முடியும்.

நடைமுறையில் இதன் தேவை

மோட்டார் வண்டி எஞ்சின்களின் சுழல்தண்டில் 60 பல்லுக்குரிய இடைவெளியில் 58 பற்களும், இரண்டு பற்கள் விடுபட்ட ஓர் இடைவெளியும் கொண்ட சக்கரம் பரவலாகப் பயன்படுகிறது. விடுபட்ட இடமே சுழற்சியின் தொடக்கக் குறி. நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஒரு பல்லுக்கு 166.7 மைக்ரோவினாடிதான். அந்த வேகத்தில் 5 மைக்ரோவினாடி நடுக்கம் சுழல்தண்டின் நிலையில் 0.18 பாகைப் பிழை. எரிபொறி எந்தக் கோணத்தில் எழ வேண்டும் என்பது இந்த அளவீட்டிலிருந்தே கணக்கிடப்படுவதால், அத்தகைய கட்டுப்பாட்டுச் சில்லுகளில் பிடிப்பு வன்பொருள் இன்றியமையாததாகிறது.

டிஎச்டி22 போன்ற ஈரப்பத உணரிகளில் உயர்நிலை 26 முதல் 28 மைக்ரோவினாடி நீடித்தால் அந்த பிட் 0, 70 மைக்ரோவினாடி நீடித்தால் 1. இங்கு 5 மைக்ரோவினாடிப் பிழை தீங்கு செய்யாது. ஆனால் இடையில் 50 மைக்ரோவினாடி நிரல் வேறெங்கோ சென்றுவிட்டால் 0 என்பது 1 ஆகிவிடும். எவ்வளவு நடுக்கத்தைத் தாங்கலாம் என்பதைப் பயன்பாடே முடிவு செய்கிறது.

பிற நுண்கட்டுப்படுத்திகள்

எஸ்டிஎம்32 வரிசையில் பல டைமர்களுக்கு நான்கு தடங்கள் வரை பிடிப்பு வசதி உண்டு. பிடித்த மதிப்புகளைச் செயலியின் துணையின்றி நேரடியாக நினைவகத்துக்கு மாற்றவும் இயலும். எனவே பதிவகம் அழிந்துவிடும் சிக்கல் குறைகிறது. ஆர்பி2040 சில்லில் செயலியிலிருந்து தனித்து இயங்கும் எட்டு நிலைப்பொறிகள் உள்ளன. 125 மெகாஹெர்ட்ஸில் அவற்றின் ஒரு கட்டளை 8 நானோவினாடியில் முடியும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஆகும் துடிப்புகள் முன்கூட்டியே தெரிந்தவை. முனையைக் கவனிக்கும் வேலையை அவற்றிடம் ஒப்படைக்கலாம். இவை அனைத்திலும் அடிப்படை ஒன்றே: நேரத்தைக் குறிக்கும் வேலையை நிரலிடமிருந்து எடுத்து வன்பொருளிடம் கொடுத்தல்.

முறையைத் தேர்ந்தெடுத்தல்

பொத்தான் அழுத்தம், கதவு திறப்பு போன்ற மெதுவான நிகழ்வுகளுக்குத் தொடர்ந்து பார்த்தலே போதும். பல முனைகளைக் கவனிக்கவும், உறங்கும் சில்லை எழுப்பவும் முனைமாற்றக் குறுக்கீடு ஏற்றது. ஓரிரு முனைகளில் வரும் விளிம்புகளைத் தவறவிடாமல் எண்ண வெளிக் குறுக்கீடு பொருந்தும். மைக்ரோவினாடிக்கும் குறைந்த நுண்மையில் இடைவெளியை அளக்க உள்ளீட்டுப் பிடிப்பு வேண்டும். எந்த முறையானாலும், விடையை எத்தனை இலக்கங்களில் எழுதுவது என்பதைத் திரையில் தோன்றும் இலக்கங்களைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. பிழைப் பட்டியலில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கடிகாரம் திருத்தப்படாத பலகையில் கிடைத்த 9.8137 என்னும் விடையில் முதல் இரண்டு இலக்கங்களுக்கு மேல் பொருள் இல்லை.